வளைந்து வந்த கார்டுக்கு ரிவ்யூ எழுதுவது எப்படி?

அக்கா மகன் ஏற்காட்டில் எட்டாவது படிக்கிறான். போக்கிமான் கார்டு, அதாவது கார்ட்டூன் பாத்திரங்கள் அச்சிட்ட விளையாட்டு அட்டைகள், சேர்க்கிறான். போன மழைக்காலத்தில் ஒரு நாள் சாயங்காலம் போன் செய்து, "மாமா, கார்டு வளைஞ்சு வந்திருக்கு" என்றான். குரலே உடைந்திருந்தது. மூன்று மாதம் சேர்த்து வைத்த காசு. ஞாயிற்றுக்கிழமை சேலம் கன்னங்குறிச்சியிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். கிழித்துப் போட்ட கவரை அக்கா குப்பைக்கூடையிலிருந்து எடுத்து வைத்திருந்தாள். சாதாரணக் காக்கிக் கவர். உள்ளே கார்டைச் சுற்றி ஒரு ஏ4 தாள், தாளின் மேல் ரப்பர் பேண்டு. அவ்வளவுதான். ரப்பர் பேண்டு இறுக்கிய இடத்தில் கார்டின் இரண்டு ஓரத்திலும் பல் பதிந்த மாதிரிப் பள்ளம். நடுவில் குறுக்கே ஒரு மடிப்பு. டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்தால் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது.

அதற்குள் அவன், கார்டை வாங்கிய விற்பனைத் தளத்தில் ரிவ்யூ போட்டுவிட்டான். "வேஸ்ட் செல்லர். யாரும் வாங்காதீங்க." ஒரு ஸ்டார்.

அவன் கோபம் நியாயமானது. ஆனால் அதே செல்லரிடம் நாளைக்கு வாங்கப் போகிற இன்னொரு பையனுக்கு அந்த ரிவ்யூவில் ஒரு தகவலும் இல்லை. கார்டு போலியா, தாமதமாக வந்ததா, வேறு கார்டு வந்ததா, மடிந்து வந்ததா, எதுவும் தெரியாது. செல்லர் கீழே ஒரே வரியில் பதில் போட்டிருந்தார்: "கொரியர் தவறு, நாங்கள் பத்திரமாகத்தான் அனுப்பினோம்." இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவருக்குச் செல்லரின் வரிதான் நிதானமாகத் தெரியும்.

அன்றைக்கு இருவருமாக உட்கார்ந்து அதை மாற்றி எழுதினோம். அதன் பிறகு எனக்கு வந்த பார்சல்களுக்கும் அதே முறையில்தான் எழுதுகிறேன். புதிதாகக் கார்டு வாங்கத் தொடங்கியிருப்பவர்களுக்கு அந்த முறையை இங்கே முழுதாகச் சொல்கிறேன். கவரில் தொடங்கிக் கார்டு வரை, பார்த்ததைப் பார்த்தபடி எழுத வேண்டும். அதற்கான வேலை பார்சலைப் பிரிப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

எது சரியான பேக்கிங்?

மோசம் என்று எழுத வேண்டுமானால் எது சரி என்று முதலில் தெரிய வேண்டும். மாம்பழ சீசனில் சேலத்துக் கடைகளில் வெளியூருக்குப் பெட்டி கட்டுவதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அடியில் வைக்கோல், பழத்துக்குப் பழம் இடையில் வைக்கோல், மேலே மறுபடியும் வைக்கோல். மூடியதும் பெட்டியை லேசாக ஆட்டிப் பார்ப்பார்கள். உள்ளே எதுவும் உருளக் கூடாது. அதற்காகப் பழம் நசுங்கும்படி அமுக்கியும் கட்ட மாட்டார்கள். கார்டுக்கும் இதே கணக்குதான். அசையக் கூடாது, அழுந்தக் கூடாது. கூடவே நனையவும் கூடாது.

போக்கிமான், மேஜிக் போன்ற கார்டுகள் 63 மி.மீ. அகலம், 88 மி.மீ. உயரம். யூ-கி-ஓ கார்டு கொஞ்சம் சிறியது, 59-க்கு 86. கார்டின் மேல் முதலில் போட வேண்டியது ஸ்லீவ், அதாவது மெல்லிய பிளாஸ்டிக் உறை. இது கீறல் விழாமல் காக்கும், வளைவதைத் தடுக்காது. வளையாமல் காப்பது டாப்லோடர். கெட்டியான பிளாஸ்டிக், மேல்பக்கம் மட்டும் திறந்திருக்கும். அந்தத் திறந்த வாய் வழியாகக் கார்டு நழுவும் என்பதால் வாயை ஒரு டேப்பால் அடைக்க வேண்டும். பெயிண்ட் அடிப்பவர்கள் ஓரங்களில் ஒட்டும் டேப் இதற்கு ரொம்ப நல்லது. பிசின் விடாமல் உரிந்து வரும். டேப்பின் நுனியைக் கொஞ்சம் மடித்து விட்டிருந்தால், அனுப்பியவர் கார்டை மதிக்கத் தெரிந்தவர் என்று அர்த்தம். வாங்கியவர் நகத்தால் சுரண்ட வேண்டியதில்லை, கத்தியைத் தேட வேண்டியதில்லை. செலோ டேப் ஒட்டி அனுப்புகிறவர்கள்தான் அதிகம். உரிக்கும்போது அதன் பிசின் ஸ்லீவில் ஏறும், சில சமயம் கார்டிலும் ஏறும்.

இதற்கு மேல் ஈரத்துக்கு ஒரு ஜிப் கவர். அப்புறம் டாப்லோடரைவிடச் சற்றே பெரிய இரண்டு அட்டைத் துண்டுகள், டாப்லோடரை நடுவில் வைத்து ஒட்டியது. கடைசியாக, உள்பக்கம் காற்றுக் குமிழ்கள் வைத்த பபிள் கவர். சாதாரணக் காகிதக் கவரில் போட்டால், தபால் முத்திரை ஓங்கி விழுவதுகூடக் கார்டின் மேல்தான் விழும்.

விலைக்குத் தகுந்துதான் எதிர்பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து சாதாரணக் கார்டை நூறு ரூபாய்க்கு வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் டாப்லோடர் கேட்பது நியாயமில்லை. பத்தையும் ஒன்றாக ஒரு கவரில் போட்டு இரண்டு அட்டைக்கு நடுவில் அனுப்பினால் போதும். எண்ணூறு, ஆயிரம் ரூபாய்க் கார்டு என்றால் மேலே சொன்ன எல்லாமே வேண்டும். வாங்குவதற்கு முன்பே செல்லரிடம் "டாப்லோடரில்தானே அனுப்புவீர்கள்?" என்று ஒரு வரி கேட்டு வையுங்கள். "ஆமாம்" என்று வந்த பதில், பிறகு தேவைப்பட்டால் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.

ஏற்காட்டில் இருப்பவர்கள் ஜிப் கவரைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். வண்டிக்குள் இருக்கும் மூட்டை ஒவ்வொரு வளைவிலும் பக்கம் மாறிச் சாயும். மேலே போனால் பனி, தூறல். ஒண்டிக்கடைப் பக்கம் ஏதாவது ஒரு கடையில் "வந்து வாங்கிக்குங்க" என்று பார்சலை விட்டுவிட்டுப் போவதும் நடக்கும். காகிதக் கவர் அங்கேயே ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

பிரிப்பதற்கு முன்

பார்சல் கைக்கு வந்ததும் ஆசையில் கிழித்துவிடாதீர்கள். கிழிக்கத்தான் தோன்றும், எனக்கும் இன்றுவரை அப்படித்தான். போனை ஒரு சொம்பில் சாய்த்து வைத்து வீடியோவை ஓட விடுங்கள். முதலில் லேபிள் தெரிய வேண்டும். பிறகு கவரின் இரண்டு பக்கம், நான்கு ஓரம். அப்புறம் வீடியோவை நிறுத்தாமல் பிரியுங்கள். நடுவில் நிறுத்தி மறுபடி தொடங்கிய வீடியோவைச் செல்லரும் ஏற்க மாட்டார், விற்பனைத் தளமும் ஏற்காது. குறுகிய ஓரத்தில், கார்டை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டு வெட்டுங்கள்.

உள்ளே இருப்பதை எடுக்கும்போது ஒவ்வொரு உறைக்கும் ஒரு படம் எடுங்கள். ரப்பர் பேண்டு போட்டு வந்திருந்தால், அதைக் கழற்றுவதற்கு முன் ஒரு படம் அவசியம். கழற்றிவிட்டால் அது இருந்தது என்பதற்கே சாட்சி இல்லை. கார்டை ஜன்னல் ஓரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுங்கள். நேர் வெளிச்சத்தில் மடிப்பும் பள்ளமும் படத்தில் விழாது. முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலை. பின்பக்க ஓரங்களில் வெளுத்திருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

கவர், டேப், அட்டை, சுற்றிய தாள், எதையும் தூக்கிப் போடாதீர்கள். அன்றைக்கு அக்கா மட்டும் அந்தக் காக்கிக் கவரை எடுத்து வைக்காமல் இருந்திருந்தால், எங்களால் ஒன்றும் எழுதியிருக்க முடியாது.

எந்தப் படத்தையும் பொதுவில் போடுவதற்கு முன் முகவரி, போன் நம்பர், பார்கோடு மூன்றையும் மறையுங்கள். உங்களுடையது மட்டுமல்ல, அனுப்பியவருடையதையும்.

யார் செய்த தவறு?

இங்கேதான் பொறுமை வேண்டும். அவசரப்பட்டால் கொரியர்காரர் செய்த தவறுக்குச் செல்லரைத் திட்டுவோம், செல்லர் செய்ததற்குக் கொரியரைத் திட்டுவோம். கவரையும் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கவரின் ஒரு மூலை நசுங்கி, உள்ளே கார்டின் அதே மூலையும் மழுங்கியிருந்தால், வழியில் அடிபட்டிருக்கிறது; உள்ளே தாங்க எதுவும் இல்லை. இதைப் பேக்கிங் குறை என்றே எழுதலாம். பார்சல் என்றால் நாலு கை மாறும், கீழே விழும், மேலே இன்னொரு மூட்டை ஏறும். அதையெல்லாம் தாங்கத்தான் பேக்கிங். ஆனால் டயர் ஏறிய தடம், அட்டைப் பெட்டியே தட்டையாகிக் கிடப்பது, யாரோ பிரித்து மறுபடி ஒட்டியது போன்ற டேப், இதெல்லாம் வேறு கதை. எவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தாலும் அதைத் தாங்காது. அப்படியிருந்தால் செல்லருக்குப் படம் அனுப்புங்கள். கொரியரில் அவர்தான் புகார் கொடுக்க முடியும்; ரிவ்யூவில் அவரைக் குறை சொல்லாதீர்கள்.

கவர் புத்தம் புதிதாக இருக்கிறது, டாப்லோடரிலும் ஒரு கீறல் இல்லை, கார்டின் மூலை மட்டும் மழுங்கியிருக்கிறது. அப்போது டாப்லோடரின் வாயைப் பாருங்கள். டேப் இல்லை என்றால் கார்டு வழியெல்லாம் ஏறி இறங்கி இடித்துக்கொண்டே வந்திருக்கிறது. டேப் இருக்கிறது, கார்டு அசையவும் இல்லை, ஆனால் ஓரம் வெளுத்திருக்கிறது என்றால் அது பேக்கிங் சம்பந்தப்பட்டதே இல்லை. செல்லரிடம் இருக்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கும். அவர் விற்பனைக்குப் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். படத்திலேயே தெரிகிறது என்றால் நாம் கவனிக்காமல் வாங்கியிருக்கிறோம். தெரியவில்லை, 'நியர் மின்ட்' (கிட்டத்தட்டப் புதிது) என்று வேறு போட்டிருக்கிறார் என்றால் புகார் 'கார்டின் நிலை சொன்னபடி இல்லை' என்று இருக்க வேண்டும். போலிக் கார்டு வந்தாலும் அப்படித்தான், அதைப் பேக்கிங் குறையோடு சேர்த்து எழுதாதீர்கள். இரண்டு புகாரை ஒன்றாகக் குழப்பினால் இரண்டுமே நிற்காது.

பளபளக்கும் ஃபாயில் கார்டு வளைந்திருந்தால் இன்னும் நிதானமாகப் பாருங்கள். கார்டின் காகிதம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி விரியும். மேலே ஒட்டிய ஃபாயில் விரியாது. அதனால் கார்டு ஃபாயில் பக்கமாகக் கிண்ணம் போலக் குழியும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மழைக்காலத்தில் நாள் முழுக்க மேகத்துக்குள்ளேயே கிடக்கும். சேலத்தில் தட்டையாக இருந்த என் கார்டு ஒன்று, அக்கா வீட்டில் இரண்டு நாள் மேசை மேல் இருந்ததில் வளைந்துவிட்டது. மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கொஞ்ச நாள் வைத்தேன், பெரும்பாலும் நிமிர்ந்துவிட்டது. இந்த வளைவு ஒரே சீராக, மழமழவென்று இருக்கும். மடிப்பு என்றால் ஓரிடத்தில் உடைந்து வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். கோடு இல்லாத வளைவுக்குச் செல்லரைக் குறை சொல்லி எழுதாதீர்கள்.

மடிப்பைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1991-இல் தொடங்கிய பிஎஸ்ஏ போன்ற தரம் பார்க்கும் நிறுவனங்கள் கார்டில் படம் சரியாக நடுவில் அச்சாகியிருக்கிறதா, மூலை, ஓரம், மேற்பரப்பு எல்லாம் எப்படி என்று பார்த்து 10 வரை மதிப்பெண் போடுகின்றன. மடிப்பு விழுந்த கார்டு அந்த வரிசையில் மேலே ஏறவே முடியாது. மடிப்பைச் சரிசெய்யவும் வழி கிடையாது.

முதலில் செல்லரிடம் பேசுங்கள்

ரிவ்யூ எழுதுவதற்கு முன் செல்லருக்கு ஒரு செய்தி. அந்தத் தளத்துக்கு உள்ளேயே அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் பேசினால் நாளைக்குத் தளத்தில் புகார் கொடுக்கும்போது அது கணக்கில் வராமல் போகலாம். இப்படி எழுதலாம்:

"வணக்கம். கார்டு இன்று வந்தது. ஸ்லீவ், டாப்லோடர் இல்லாமல் தாளில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு வந்திருக்கிறது. இரண்டு ஓரத்தில் பள்ளம், நடுவில் மடிப்பு. படங்களும் பிரித்த வீடியோவும் இணைத்திருக்கிறேன். பணத்தைத் திருப்பித் தருவீர்களா, வேறு கார்டு அனுப்புவீர்களா?"

இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். முக்கியமாக, "தரவில்லை என்றால் ஒரு ஸ்டார் போடுவேன்" என்று எழுதிவிடாதீர்கள். ஃபீட்பேக்கை, அதாவது செல்லரைப் பற்றி எழுதும் ரிவ்யூவை, காட்டி மிரட்டிக் கூடுதலாக எதையும் கேட்பதை ஈபே என்ற வெளிநாட்டு விற்பனைத் தளம் விதிமீறலாகவே வைத்திருக்கிறது. நியாயம் நம் பக்கம் இருக்கும்போது அந்த ஒரு வரியால் அதைக் கெடுத்துக்கொள்வானேன்?

இரண்டு மூன்று நாள் பொறுங்கள். நான் வாங்கிய செல்லர்களில் சிலர் கல்லூரி மாணவர்கள். டாப்லோடர் என்ற ஒன்று இருப்பதே தெரியாமல் விற்க வந்தவர்கள். ஒருவர் என் படங்களைப் பார்த்துவிட்டுப் பாதிப் பணத்தைத் திருப்பித் தந்தார். அடுத்த முறை அனுப்பிய கார்டு இரண்டு அட்டைக்கு நடுவில், டேப்பின் நுனி மடித்து வந்தது. ஆனால் பொறுத்திருக்கும்போது கெடுவைத் தவறவிடாதீர்கள். ஈபேயில் பொருள் வந்து சேர்ந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பணம் திரும்பக் கேட்க வேண்டும். கேட்ட பிறகு செல்லருக்கு மூன்று வேலை நாள் அவகாசம். ஃபீட்பேக் எழுத 60 நாள். அமேசானில் செல்லர் ஃபீட்பேக்குக்கு ஆர்டர் போட்டதிலிருந்து 90 நாள். திருப்பி அனுப்பும் கெடு பொருளுக்குப் பொருள் மாறும், உங்கள் ஆர்டர் பக்கத்திலேயே போட்டிருக்கும்.

எழுதுவது

நாங்கள் மாற்றி எழுதியது இதுதான்:

"கார்டு ஒரிஜினல். சொன்ன நாளில் வந்தது. ஆனால் ஸ்லீவ், டாப்லோடர் எதுவும் இல்லை. ஏ4 தாளில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு, சாதாரணக் காக்கிக் கவரில் வந்தது. இரண்டு ஓரத்தில் பள்ளம், நடுவில் மடிப்பு. செல்லர் 'கொரியர் தவறு' என்கிறார். பள்ளம் ரப்பர் பேண்டு இருந்த இடத்தில் இருக்கிறது. விலை கூடிய கார்டு என்றால் டாப்லோடரில் அனுப்புவாரா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்."

இதில் ஒரு வசவுகூட இல்லை. ஆனால் படிக்கிறவருக்கு எல்லாமே தெரிந்துவிடுகிறது. கார்டு ஒரிஜினல் என்று முதலில் சொன்னது செல்லரைக் குளிர வைக்க இல்லை. வாங்க வருகிறவர்கள் முதலில் பயப்படுவதே போலிக்குத்தான், அந்தத் தகவல் அவர்களுக்கு வேண்டும். பிறகு எப்படி வந்தது, என்ன ஆயிற்று, கேட்டதற்கு என்ன சொன்னார், வாங்குகிறவர் என்ன செய்யலாம். இந்த வரிசையில் எழுதினால் பெரும்பாலும் எதுவும் விடுபடாது.

ஏமாற்றுக்காரர், திருடன் போன்ற சொல் எதுவும் வேண்டாம். 'வேண்டுமென்றே இப்படி அனுப்பியிருக்கிறார்' என்பதும் வேண்டாம். அவர் மனதில் இருந்தது நமக்குத் தெரியாது. 'எப்போதும் இப்படித்தான்' என்று எழுத வேண்டுமானால் நீங்கள் பல தடவை அவரிடம் வாங்கியிருக்க வேண்டும். பார்த்தது, அளந்தது, கேட்டது, கிடைத்த பதில், இவை மட்டும் இருந்தால் அந்த ரிவ்யூவை அசைக்க யாராலும் முடியாது. தமிழ்நாட்டுச் செல்லர் என்றால் தாராளமாகத் தமிழிலேயே எழுதுங்கள். வெளிநாட்டவர் என்றால் இதையே எளிய ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினால் போதும்.

கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பேக்கிங் மோசம் என்றால் எழுத வேண்டுமா? பலர் "வந்துடுச்சு இல்ல, போதும்" என்று ஐந்து ஸ்டார் போட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. உங்கள் கார்டு தப்பித்தது. அடுத்தவருடையது தப்பிக்கும் என்று என்ன நிச்சயம்? "கார்டு நல்லபடி வந்தது. ஆனால் டாப்லோடர் வாயில் டேப் இல்லை, கார்டு பாதி வெளியே வந்திருந்தது" என்று இரண்டு வரி எழுதுங்கள். ஸ்டாரில் ஒன்றைக் குறைத்தால் போதும். பேக்கிங் பிரமாதமாக இருந்தாலும் 'சூப்பர்' என்று மட்டும் போடாமல் எப்படி வந்தது என்று சொல்லுங்கள். நன்றாக அனுப்புகிறவரை மற்றவர்கள் அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.

தளத்துக்குத் தளம்

ஈபேயின் இந்தியத் தளம் 2018-இல் மூடப்பட்டுவிட்டது. இப்போது வாங்குகிறவர்கள் வெளிநாட்டுச் செல்லரிடம்தான் வாங்குகிறார்கள். ஈபேயில் பாசிட்டிவ், நியூட்ரல், நெகட்டிவ் என்று மூன்று. கூடவே பொருள் சொன்னபடி இருந்ததா, பேச்சுத் தொடர்பு, அனுப்பிய வேகம், அனுப்பும் கட்டணம் என்று தனித்தனி ஸ்டார். பேக்கிங்குக்கு என்று தனி ஸ்டார் கிடையாது என்பதைக் கவனியுங்கள். அந்தக் கோபத்தில் வேகத்தின் ஸ்டாரைக் குறைக்காதீர்கள்; கார்டு சீக்கிரம் வந்திருந்தால் அதற்குரியதைக் கொடுங்கள். பேக்கிங்கைப் பற்றி எழுத்தில்தான் சொல்ல வேண்டும். நெகட்டிவ் போட்டால் பதிலுக்கு நமக்கும் நெகட்டிவ் வருமோ என்று புதியவர்கள் பயப்படுகிறார்கள். வராது. 2008-இலிருந்தே அங்கே செல்லர், வாங்கியவருக்கு பாசிட்டிவ் மட்டும்தான் போட முடியும்.

அமேசானில் பலர் செய்யும் தவறு, பேக்கிங் புகாரைப் பொருளின் ரிவ்யூவில் எழுதுவது. ஒரே பொருள் பக்கத்தில் பல செல்லர்கள் விற்பார்கள். நீங்கள் ஒருவரைப் பற்றி எழுதியது எல்லார் தலையிலும் விழும். ஆர்டர் பக்கத்தில் செல்லருக்கு ஃபீட்பேக் கொடுக்க என்று தனி இடம் இருக்கிறது, அங்கே எழுதுங்கள். இன்னொன்று: பொருளை அமேசான் தன் கிடங்கிலிருந்தே அனுப்பியிருந்தால், பேக்கிங், டெலிவரி பற்றிய குறை செல்லரின் கணக்கில் ஏறாது, அமேசானே பொறுப்பேற்று அந்தக் கருத்தை அடித்துவிடும். அப்படியென்றால் வாடிக்கையாளர் சேவையில் சொல்லிப் பணத்தைத் திரும்பப் பெறுவதுதான் வழி. யார் அனுப்பியது என்பது ஆர்டர் விவரத்திலேயே இருக்கும்.

இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் குழுக்களில் வாங்கினால் ஸ்டாரும் இல்லை, கெடுவும் இல்லை. குழுவின் அட்மினிடம் முதலில் படங்களைக் காட்டிவிட்டு, அவர் சொல்லும் இடத்தில் எழுதுங்கள். யூபிஐ-யில் பணம் போட்டதன் ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காதீர்கள். ஆளின் போன் நம்பரையோ முகவரியையோ போட்டு 'இவனை விடாதீர்கள்' என்று எழுதுவது பெரிய தவறு. நீங்கள் கேட்கப் போன நியாயம் அதோடு போய்விடும்.

மாற்றச் சொன்னால்

ரிவ்யூ வந்தபிறகுதான் சில செல்லர்கள் விழித்துக்கொள்வார்கள். பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு, மாற்ற முடியுமா என்று கேட்பார்கள். ஈபேயில் இதற்கு முறையான கோரிக்கையே உண்டு. வந்தால் பத்து நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உண்மையிலேயே சரிசெய்துவிட்டார் என்றால் மாற்றுங்கள், ஆனால் நடந்ததை அழித்துவிடாதீர்கள். "முதலில் மோசமான பேக்கிங். சொன்னதும் முழுப் பணமும் திருப்பித் தந்தார்" என்று இரண்டையும் எழுதுங்கள். எனக்கு இப்படியொரு ரிவ்யூவைப் படித்தால் அந்தச் செல்லரிடம் வாங்கத் தயக்கம் குறையும். "நூறு ரூபாய் தருகிறேன், எடுத்துவிடுங்கள்" என்று வந்தால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் செய்தியைத் தளத்துக்கு அனுப்புங்கள்.

பணமும் வரவில்லை, பதிலும் இல்லை என்றால் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெரிய தொகை என்றால் நுகர்வோர் ஆணையம். செல்லர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் தருகிறது.

திருப்பி அனுப்பும்போது

செல்லர் "கார்டை அனுப்புங்கள், பணம் தருகிறேன்" என்றால் இப்போது பேக்கிங் உங்கள் கையில். அவர் அனுப்பிய மாதிரியே தாளில் சுற்றி அனுப்பினால், "நீங்கள்தான் மடித்தீர்கள்" என்று சொல்ல வழிவிட்டுக் கொடுத்தது போலாகும். அக்கா மகனிடம் உபரியாக இருந்த ஒரு ஸ்லீவிலும் பழைய டாப்லோடரிலும் போட்டோம். வாயில் டேப் ஒட்டி, நுனியை அவனே மடித்துவிட்டான். நோட்டு அட்டையை இரண்டாக வெட்டி நடுவில் வைத்து, ஜிப் கவரில் போட்டு, பபிள் கவரை மூடுவதற்கு முன் மறுபடியும் படம். காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தான். சத்தமே இல்லை. திங்கட்கிழமை காலை ஸ்பீடு போஸ்டில் போட்டு, ரசீதையும் டிராக்கிங் எண்ணையும் அன்றைக்கே செல்லருக்கு அனுப்பிவிட்டோம். எட்டாம் நாள் பணம் வந்தது. அந்த ஒரு வரியையும் ரிவ்யூவில் சேர்த்தான்.